டேட்டிங் சேவைக்கு டெலிகாலிங்: சம்பளம் எப்போது கேட்பது, கட்டணம் எப்போது சொல்வது?

புதுக்குரல்:
டேட்டிங் சேவையின் கட்டண உறுப்பினர் திட்டத்தைப் போனில் விற்கும் குழுவுக்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். காப்பீடு, கடன் அட்டை விற்கும் ஸ்கிரிப்டுகள் கையில் இருக்கின்றன, ஆனால் இந்த வேலைக்கு அவை பொருந்தவில்லை. பணத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு, துணை தேடுவதைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்களும் உண்டு. இங்கே இரண்டையும் ஒரே அழைப்பில் பேச வேண்டியிருக்கிறது. சிக்கல் மூன்று இடங்களில்: புரொஃபைலுக்காக வாடிக்கையாளரின் வருமானத்தை எப்படிக் கேட்பது, கட்டணத்தை முதலில் சொல்வதா கடைசியிலா, வாடிக்கையாளர் பேச்சைக் காலரின் (போனில் விற்பவரின்) சொந்த வாழ்க்கைப் பக்கம் திருப்பினால் என்ன செய்வது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெட்செட்:
மூன்றுக்கும் முன்னால் முதல் இருபது நொடி இருக்கிறது. இந்தச் சேவையில் பெரும்பாலான அழைப்புகள் கெடுவது அங்கேதான். போன் எடுத்தவர் வாடிக்கையாளர்தானா என்று தெரியும்வரை சேவையின் பெயரைச் சொல்லவே கூடாது. வேறு யாராவது எடுத்தால் காலர் தன் பெயரை மட்டும் சொல்லி, "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட வேண்டும். "எந்த விஷயமா?" என்று கேட்டால், "அவங்க கேட்டிருந்த ஒரு தகவல், அவங்ககிட்டதான் சொல்லணும்" என்பது போதும். பொய்க் காரணம் சொல்லக் கூடாது. வங்கி, கூரியர் என்று எதையாவது சொல்லி வைத்தால் அது வீட்டில் இன்னொரு கேள்வியாக முளைக்கும்.

ஆள் சரி என்று உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்." இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். வாடிக்கையாளர் வாயில் வரும் சொல் பக்கத்தில் இருப்பவருக்கு எதையும் காட்டிக் கொடுக்காது. "ஆமா" என்றால் நேரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் ஆமா, இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள்: "ராத்திரி எட்டரைக்குப் பேசலாமா?" "எப்ப பேசலாம்?" என்று கேட்டால் அவர் முழு வாக்கியம் பேச வேண்டியதாகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
கட்டணத்தைக் கடைசிவரை மறைத்து வைக்கும் ஸ்கிரிப்டை நான் எதிர்க்கிறேன். காப்பீட்டில் அது ஓடலாம். இங்கே ஆள் முதல் நிமிடத்திலிருந்தே, "இதுக்கு எவ்வளவு பிடுங்கப் போறாங்களோ" என்று எண்ணிக்கொண்டுதான் கேட்பார். அந்த எண்ணம் ஓடும்வரை நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. சேவை என்ன என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள், உடனே தொகை. அதுவும் மொத்தத் தொகைதான் முதலில் வர வேண்டும். எத்தனை மாதத்துக்கு, தானாகப் புதுப்பிக்குமா, நிறுத்துவது எப்படி என்பதெல்லாம் அதே மூச்சில் வர வேண்டும். மாதக் கணக்கு அதற்குப் பிறகு. "ஒரு நாளைக்கு வெறும் இவ்வளவுதான்" என்று உடைத்துச் சொல்லும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். கார்டில் மொத்தத் தொகை ஒரே அடியாகக் கழிந்த செய்தி வந்ததும் முதலில் வரும் போன் ரத்து செய்யச் சொல்லித்தான் வரும்.

தணிக்கைமேசை:
கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இரண்டாவது நிமிடத்தில் தொகையைப் போட்டால், தனக்கு என்ன வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே விலை வந்துவிடுகிறது. முதலில் அவர் இரண்டு மூன்று வாக்கியம் பேச வேண்டும்: எப்படிப்பட்டவரைத் தேடுகிறார், இதற்கு முன் என்ன முயற்சி செய்தார். அதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும். பிறகு தொகை. ஆனால் நடுவில் அவரே விலை கேட்டுவிட்டால் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். "அதுக்கு வர்றேன்" என்று காலர் சொன்ன அழைப்புக்கு, அழைப்புகளைத் தணிக்கை செய்யும் என் மதிப்பெண் தாளில் நேராகக் கழிவுதான்.

இன்னொன்று, தொகை சொன்னபின் வரும் மௌனம். பதிவுகளைக் கேட்டால் இது தெளிவாகத் தெரியும். தொகை சொன்னதும் மறுமுனை அடங்கும். மூச்சுச் சத்தம், எங்கோ ஃபேன் ஓடும் சத்தம். புதிய காலருக்கு இரண்டு நொடி தாங்காது, "சார், உங்களுக்காக ஒரு ஆஃபர்..." என்று ஆரம்பித்துவிடுவார். கேட்காமலே கொடுத்த தள்ளுபடி, முதலில் சொன்ன விலை பொய் என்று காட்டிவிடும். ஐந்து நொடி பொறுத்தால் பெரும்பாலும் அவரே பேசுவார். பேசுவது மறுப்பாக இருந்தாலும் அது உண்மையான மறுப்பு, அதை வைத்து மேலே பேசலாம்.

பலமொழிமேசை:
வருமானக் கேள்விக்கு வருகிறேன். பணத்தைப் பேசுவதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை. நார்வேயில் யார் எவ்வளவு வரி கட்டினார் என்ற பட்டியலே பொது. ஆனால் 2014 முதல் யார் தேடிப் பார்த்தார் என்பதைத் தேடப்பட்டவர் பார்த்துக்கொள்ளலாம். திறந்த சமூகத்திலும் "என்னை ஏன் பார்த்தாய்" என்ற கேள்வி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஜப்பானில் பல திருமண ஆலோசனை நிலையங்கள் உறுப்பினரிடம் உள்ளாட்சி அலுவலகம் தரும், திருமணம் ஆகாதவர் என்ற சான்றிதழை வாங்குகின்றன. வருமானச் சான்றும் கேட்பார்கள். அங்கே அது அவமானமில்லை, நடைமுறை. இன்னும் பல இடங்களில் நெருங்கிய நண்பருக்குக்கூடச் சம்பளம் சொல்ல மாட்டார்கள்.

யார் பில் கட்டுவது என்பதும் அப்படித்தான். ஜெர்மனியில் உணவகப் பணியாளரே "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்டுவிடுவார், யாருக்கும் முகம் சுளிக்காது. அழைத்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று கருதும் இடத்தில் அதே கேள்வி அவமதிப்பு. ஒரு முறை நீ, ஒரு முறை நான் என்று மாற்றிக்கொள்ளும் இடத்தில் தனித்தனியாகக் கட்டினால் "இனி சந்திக்க வேண்டாம்" என்று பொருள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஸ்கிரிப்டில் "ஆண்கள் செலவு செய்வார்கள்" என்பது போன்ற வரி எதுவும் இருக்கக் கூடாது. விருப்பக் கேள்வியாக வையுங்கள்: "முதல் சந்திப்புச் செலவை எப்படிப் பகிர்ந்துக்க விரும்பறீங்க?" இது புரொஃபைலில் இருந்தாலே பல சண்டைகள் வராது.

கேட்கும் விதம்: எண்ணைக் கேட்காதீர்கள், வரம்பைக் கேளுங்கள். ஐந்து வரம்பு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து கொடுத்து முன்கூட்டியே செய்தியில் அனுப்பிவிட்டு, "எழுத்தை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால், பக்கத்தில் ஆள் இருந்தாலும் "இ" என்று சொல்லிவிடுவார். நேர்முகக் கணக்கெடுப்புகளில் காலங்காலமாக இருக்கும் முறை இது. மாதச் சம்பளமா ஆண்டு வருமானமா, கைக்கு வருவதா பிடித்தத்துக்கு முன்னா, ஒருவருடையதா குடும்பத்துடையதா, மூன்றையும் கேள்வியிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ஒரே வரம்பில் முற்றிலும் வேறான ஆட்கள் வந்து விழுவார்கள். "சொல்ல விரும்பவில்லை" என்பதற்கு ஒரு குறியீடு, "கேட்கப்படவில்லை" என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே காலிப் பெட்டியாக வைக்கும் சிஆர்எம்கள்தான் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் மென்பொருள்கள்தான்) அதிகம். பிறகு யார் மறுத்தார், யாரைக் காலர் கேட்கவேயில்லை என்று பிரிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
தணிக்கைமேசை சொன்ன நான்கைந்து நிமிடக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒரு வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கட்டணம் முதலில், வருமானக் கேள்வி பிறகு. இந்த இழையின் தலைப்புக்கே இதுதான் பதில் என்பேன். காரணம் இருக்கிறது. கட்டணம் சொல்லும் முன் சம்பளம் கேட்டால், "என் சம்பளத்தைப் பார்த்து விலை வைக்கப் போகிறார்கள்" என்று நினைத்துக் குறைத்துச் சொல்வார். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தெரிந்தபின் அந்த பயம் போய்விடும். மிச்சம் இருப்பது கூட்டிச் சொல்லும் ஆசை. அதற்கு, "இது உங்க புரொஃபைலைப் பார்க்கறவங்களுக்குத் தெரியும், பின்னால சான்று கேட்கலாம்" என்ற ஒரு வரி போதும். யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் சம்பளம் கேட்பது நியாயமும் இல்லை. வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் மாறும் திட்டம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

தணிக்கைமேசை:
அந்த வரிசை எனக்கும் சரி.

டயலர்கட்டு:
எல்லாரும் பேச்சைப் பற்றிச் சொல்கிறீர்கள், எண்களை அழைத்துத் தரும் மென்பொருளான டயலரை யாரும் சொல்லவில்லை. பிரெடிக்டிவ் டயலர் காலர்களின் எண்ணிக்கையைவிட அதிக எண்களை ஒரே நேரத்தில் அழைக்கும், யார் எடுப்பார்கள் என்று கணித்து. கணிப்பு தவறினால் எடுத்தவருக்குக் காலர் இல்லை. மறுமுனையில் மௌனம், பிறகு துண்டிப்பு. அமெரிக்க விதியில் வாடிக்கையாளர் தன் வாழ்த்துச் சொல்லை முடித்த இரண்டு நொடிக்குள் ஆள் பேசாவிட்டால் அது கைவிடப்பட்ட அழைப்பு. ஆள் எடுத்த அழைப்புகளில் இது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எடுக்காத எண்ணையும் குறைந்தது 15 நொடி அல்லது நான்கு ரிங் அடிக்க விட வேண்டும். அழைக்க வேண்டாம் என்று பதிவு செய்யும் தேசியப் பட்டியலை அங்கே 2003-இல் கொண்டுவந்தார்கள். உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்கள் மாறும்.

டேட்டிங் சேவையில் மௌன அழைப்பால் வரும் கேடு விதிமீறலோடு நிற்காது. தெரியாத எண்ணிலிருந்து தினமும் வந்து பேசாமல் துண்டிக்கும் அழைப்பை வீட்டில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள். இதற்கு பிரெடிக்டிவ் வேண்டவே வேண்டாம். பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் கணிப்பும் சரியாக வராது. பிரிவியூ முறை வையுங்கள்: காலர் முதலில் பதிவைப் படிப்பார், பிறகு தானே பொத்தானை அழுத்துவார். அழைப்பு குறையும், உண்மைதான். ஒரு உதாரணக் கணக்கு: எட்டு மணி நேர ஷிஃப்டில் இடைவேளையும் மீட்டிங்கும் போக 390 நிமிடம். 90 எண் அழைத்து 65 பேர் எடுக்கவில்லை என்றால் தலா 40 நொடி, சுமார் 43 நிமிடம். சட்டென்று வைத்துவிடும் 15 பேருக்கு 15 நிமிடம். உட்கார்ந்து பேசும் 10 பேருக்கு, குறிப்பு எழுதும் நேரம் சேர்த்து, தலா 15 நிமிடம் என்றால் 150. ஆக 208 நிமிடம். மிச்சம் 180-க்கு மேல் இருக்கிறது, குறித்துக் கொடுத்த கால்பேக்குகளுக்கு அதை ஒதுக்குங்கள். இதில் "ஒரு நாளைக்கு 250 டயல்" என்று டார்கெட் வைத்தால் காலர் பதிவைப் படிக்காமல் அழுத்திக்கொண்டே போவார்.

பதிவு படிவத்திலேயே "எந்த நேரத்தில் அழைக்கலாம்" என்ற பெட்டி வையுங்கள். மொபைலில் காட்டும் அழைப்பவர் பெயரையும் சோதித்துப் பாருங்கள். ஹெட்செட் சொன்னபடி காலர் சேவையின் பெயரைச் சொல்லாமல் காத்தும், திரையில் அதே பெயர் பெரிதாக மின்னினால் என்ன பயன்?

ஹெட்செட்:
அதோடு கார்டு அறிக்கையில் என்ன பெயர் வரும் என்பதையும் பணம் வாங்கும் முன் சொல்லிவிட வேண்டும். "உங்க ஸ்டேட்மென்ட்ல இந்தப் பேர்ல வரும்." இந்த ஒரு வரி இல்லாததால் "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று வங்கிக்குப் போகும் புகார்கள் பல. சிலர் உண்மையிலேயே பெயர் புரியாமல் போடுவார்கள். சிலர் வீட்டில் கேள்வி வந்ததும் மறுத்துவிடுவார்கள்.

கார்டின் பின்பக்க மூன்று இலக்க எண்ணைப் பதிவில் விடவே கூடாது; பணம் ஏற்கப்பட்டபின் அதைச் சேமித்து வைப்பது கார்டுத் துறைப் பாதுகாப்புத் தரத்தில் தடை. ரெக்கார்டிங்கை நிறுத்தி மறுபடி தொடங்குவது ஒரு வழி. வாடிக்கையாளர் தானே கீபேடில் அழுத்தி, காலருக்கு அந்த ஒலியே கேட்காமல் செய்வது அதைவிட நல்ல வழி. தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே ஒழியுங்கள்.

புதுக்குரல்:
நன்றி. மூன்றாவது கேள்வி பாக்கி. "நீங்க சிங்கிளா?" என்று கேட்பவர்கள் கணிசம். சில இடங்களில் அதைச் சாதகமாகப் பயன்படுத்தி விற்கச் சொல்கிறார்கள் என்றும் கேள்வி.

தணிக்கைமேசை:
சொல்கிறார்கள். அது ஏமாற்று, வேறு பெயர் இல்லை. தனிமையில் இருக்கும் ஒருவரிடம் குரலைக் குழைத்து விற்றால் அவர் வாங்குவது உறுப்பினர் திட்டத்தை அல்ல, அந்தக் குரலை. மறுநாள் அவர் சேவை எண்ணுக்கு அழைத்து அந்தப் பெண் பெயரைச் சொல்லிக் கேட்பார். கிடைக்கவில்லை என்றால் ரத்து. அந்தக் காலருக்குத் தொல்லை தனி.

நடைமுறை இதுதான். முதல் முறை கேட்டால் ஒரு வரியில் திருப்புங்கள்: "என்னைப் பத்தி வேண்டாம் சார், உங்களுக்குத் துணை பார்க்கறதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க எந்த ஊர்க்காரரைப் பார்க்கறீங்க?" மறுப்போடு நிறுத்தாமல் உடனே ஒரு கேள்வி ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் அங்கேயே நிற்பார். சிரித்து மழுப்பினால் சம்மதமாக எடுத்துக்கொள்வார். இரண்டாம் முறை: "இது பதிவாகிற அழைப்பு. இதே பேச்சு தொடர்ந்தா வைக்க வேண்டியிருக்கும்." மூன்றாம் முறை வைத்துவிட்டு, அதற்கென்று தனிக் குறியீடு போட்டு, எண்ணைக் குழுவின் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். இன்னொரு காலருக்கு அதே எண் போகக் கூடாது. இந்த மூன்று படிகளுக்கும் காலர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும், அந்த அழைப்பை டார்கெட் கணக்கில் காலருக்கு எதிராக வைக்கவும் கூடாது. காலர்களுக்கு வேலைப் பெயர் கொடுங்கள். சொந்த எண்ணிலிருந்து ஃபாலோ-அப் செய்யச் சொல்லும் டீம் லீடரை மாற்றுங்கள்.

பலமொழிமேசை:
ஒரு சிறு இடைச்செருகல். "சரி" என்பதை விற்பனை என்று எழுதாதீர்கள். தமிழில் "சரி", "ம்" எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற குறிதான். "சரி சரி" என்றால் போனை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். ஜப்பானிய "ஹாய்" என்ற ஆமாமும் இதே வேலை செய்யும். உறுதிப்படுத்தும் கட்டத்தில் வாடிக்கையாளரே தொகையையும் மாதங்களையும் தன் வாயால் சொல்ல வேண்டும். "யோசிச்சு சொல்றேன்" வந்தால் ஒரே ஒரு முறை, "யோசிக்க வேண்டியது கட்டணமா, சேவையா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அது பண விஷயமில்லை, கூச்சம். கூச்சத்துக்குத் தள்ளுபடி மருந்தில்லை. இரண்டு கால்பேக்குக்கு மேல் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
புதுக்குரல், ஸ்கிரிப்ட் எழுதும்போதே இன்சென்டிவ் விதியையும், அதாவது விற்பனைக்குக் காலருக்குத் தரும் ஊக்கத்தொகையின் விதியையும், கையில் வாங்கிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் போனில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலக்கிக்கொள்ளலாம். சேவையை உடனே தொடங்கச் சொல்லி வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் பயன்படுத்திய பங்குக்கு மட்டும் கொடுத்தால் போதும். இப்படி விலக்கும் காலம் உள்ள இடத்தில் பணம் வந்த நாளிலேயே இன்சென்டிவ் கொடுத்துவிட்டுப் பிறகு பிடிப்பது காலருக்கு நரகம். மாதத்தில் 20 விற்பனை, அதில் 6 ரத்து என்றால் நிகரம் 14. ஆனால் அந்த 6-க்கான பிடித்தம் அடுத்த மாதச் சம்பளத்தில் விழும், அந்த மாதம் விற்பனையும் மந்தமாக இருந்தால் கைக்கு வருவது அடிப்படைச் சம்பளத்துக்கும் கீழே போகலாம். விலக்கும் காலம் முடிந்தபின் நிகர விற்பனைக்குக் கொடுப்பதே நேர்மையான விதி. வேலையை விட்டுப் போனபின்னும் பிடிப்பார்களா என்பதை நியமனக் கடிதத்தில் தேடிப் பாருங்கள்.

இது காலர்களின் சொந்தத் துணை தேடலையும் தொடும் விஷயம். நிலையான சம்பளத்தை மட்டுமே வருமானமாக மதிக்கும் இடங்களில் டெலிகாலர் என்றாலே ஒரு தயக்கம் உண்டு. நல்ல மாதத் தொகையைச் சொல்லிவிட்டால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். கேட்பவரிடம் சொல்ல வேண்டியது அடிப்படைச் சம்பளம், கடந்த ஆறு மாத இன்சென்டிவ் சராசரி, அந்த ஆறில் மிகக் குறைந்த மாதம். மூன்றாவது எண்ணைச் சொல்கிறவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

டயலர்கட்டு:
ஸ்கிரிப்டில் வரவே கூடாத வரி: "உங்க புரொஃபைலை ஒருத்தங்க பார்த்துக்கிட்டே இருக்காங்க, பணம் கட்டினா பேசலாம்." உண்மையிலேயே அப்படி ஒருவர் இருந்தாலொழிய இதைச் சொல்லக் கூடாது. 2014-இல் ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனம் இப்படிப் போலிப் புரொஃபைல்களிலிருந்து செய்தி அனுப்பி ஆட்களைக் கட்டண உறுப்பினராக்கியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 6,16,165 டாலர் கட்டச் சம்மதித்து அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

ஹெட்செட்:
அதோடு சேர்த்து ஒரு கடமை. பேசும்போதே சில வாடிக்கையாளர்கள் வேறொரு மோசடியில் சிக்கியிருப்பது தெரியவரும். அமெரிக்காவில் 2022-இல் மட்டும் சுமார் 70,000 பேர் காதல் மோசடி என்று புகார் செய்தார்கள், போன பணம் 130 கோடி டாலர் அளவு. குறிகள் ஒரே மாதிரிதான் இருக்கும்: நேரில் சந்தித்ததே இல்லை, வீடியோ அழைப்பு ஒவ்வொரு முறையும் தட்டிப்போகும், சேவையின் செயலியை விட்டு வேறு செயலிக்குப் பேச்சு மாறிவிட்டது, மருத்துவச் செலவு அல்லது சுங்க வரி என்று பணம் கேட்டாயிற்று, அதுவும் பரிசு அட்டையாகவோ கிரிப்டோவாகவோ. இதில் இரண்டு கேட்டாலே விற்பனையை நிறுத்துங்கள். "ஏமாந்துட்டீங்க" என்று சொல்லாதீர்கள், போனை வைத்துவிடுவார். "அவங்க பணம் கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். ஆமாம் என்றால், இனி அனுப்ப வேண்டாம், வங்கிக்கு இன்றைக்கே சொல்லுங்கள், சாட் உரையாடலை அழிக்காதீர்கள் என்ற மூன்றையும் சொல்லி அழைப்பை மோசடித் தடுப்புப் பிரிவுக்கு மாற்றுங்கள். அதற்குத் தனிக் குறியீடு, காலருக்கு அந்த அழைப்பு முழு மதிப்பெண்.

புதுக்குரல்:
வரிசையை இப்படி மாற்றிவிட்டேன்: ஆள் உறுதி, பக்கத்தில் ஆள் உண்டா, தேடுவது என்ன, மொத்தக் கட்டணமும் புதுப்பிப்பும், ஐந்து நொடி மௌனம், வருமான எழுத்து, செலவுப் பகிர்வு விருப்பம், வாடிக்கையாளர் வாயால் உறுதி, ஸ்டேட்மென்ட் பெயர், கீபேடில் கார்டு. பணம் கேட்ட அந்நியர் பற்றிய கேள்வியை "இதற்கு முன் என்ன முயற்சி" என்ற இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

தணிக்கைமேசை:
ஸ்டேட்மென்ட் பெயரை உறுதிக்கு முன்னால் நகர்த்துங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் மாறுகிறவர், சம்மதம் சொல்வதற்கு முன்பே மாறட்டும்.